ஆடுகளமும் அரிச்சுவடியும்

படிப்பில் பின்தங்கும் குழந்தையிடமிருந்து முதலில் பறிக்கப்படுவது விளையாட்டு. மதிப்பெண் குறைந்ததும் மாலை நேர விளையாட்டு நின்றுபோய், தனிப்பயிற்சி வகுப்பு தொடங்குகிறது. பள்ளியில் உடற்கல்விப் பாடவேளை கணக்குப் பாடவேளையாக மாறுகிறது. 'உட்கார்ந்து படித்தால்தான் உருப்பட முடியும்' என்பது நம் குடும்பங்களில் தலைமுறைகளாகத் தொடர்ந்துவரும் நம்பிக்கை.

இதற்கு நேர் எதிரான குரலும் இப்போது வலுவாக ஒலிக்கிறது. கைகால்களைக் குறுக்காக அசைப்பது, உடலைச் சமநிலைப்படுத்துவது, தோப்புக்கரணம் போடுவது போன்ற பயிற்சிகளால் மூளையின் இரு பாதிகளையும் இணைத்து, படிக்கத் தடுமாறும் குழந்தையை முன்னுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று சில பயிற்சி முறைகள் உறுதியளிக்கின்றன. ஒரு தரப்பு அசையாதே என்கிறது. மறுதரப்பு அசைந்தாலே போதும் என்கிறது. இடையில் நிற்பது குழந்தை.

சென்னையின் மேற்குப் புறநகரில், திருமுல்லைவாயலுக்கும் ஆவடிக்கும் இடையே மின்சார ரயில் பணிமனையுடன் அமைந்திருக்கும் அண்ணனூரை எடுத்துக்கொள்வோம். அங்கு பெற்றோர் இருவரும் அதிகாலையிலேயே வேலைக்குப் புறப்பட்டுவிடும் ஒரு குடும்பத்தில், நான்காம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் சிறு தொகையையும் கிடைக்கும் ஒரு மணி நேரத்தையும் அவர்கள் எதற்குச் செலவிடுவது? மீண்டும் ஒரு தனிப்பயிற்சிக்கா, மூளைக்கான உடற்பயிற்சி வகுப்புக்கா? தவறான தேர்வால் இழப்பது பணம் மட்டுமன்று. எட்டு, ஒன்பது வயதில் கைநழுவும் ஓராண்டை ஈடுகட்டுவது எளிதன்று.

எனவே, உடலசைவு கற்றலுக்கு உதவுமா என்று பொதுவாகக் கேட்பதைவிட, எந்த அசைவு, எதற்கு உதவும் என்று பிரித்துக் கேட்பதே பயன் தரும். இதில் மூன்று வகைகள் உள்ளன. முதலாவது, மூச்சு வாங்க ஓடியாடும் பொதுவான உடலுழைப்பு. இரண்டாவது, பாடத்தோடு பிணைக்கப்பட்ட அசைவு. மூன்றாவது, மூளையைச் சீரமைப்பதாகச் சொல்லப்படும் தனிப்பட்ட பயிற்சிகள். இம்மூன்றும் ஒரே பெயரில் பேசப்படுவதே குழப்பத்தின் தொடக்கம்.

ஓடியாடும் உடலும் ஒருமுகப்படும் மனமும்

முதல் வகையைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் 20 பேர் ஒருநாள் அமைதியாக அமர்ந்திருந்த பிறகும், மற்றொரு நாள் 20 நிமிடம் விறுவிறுப்பாக நடந்த பிறகும் சோதிக்கப்பட்டனர். நடந்த நாளில் அவர்களின் கவனத்தில் பிழைகள் குறைந்தன. வாசித்துப் புரிந்துகொள்ளும் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே ஒரு நடையின் உடனடிப் பயன் இது.

தொடர் பயிற்சியின் விளைவை, அதே பல்கலைக்கழகக் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஏழு முதல் ஒன்பது வயது வரையிலான 221 குழந்தைகளில் ஒரு பிரிவினர், ஒன்பது மாத காலம் பள்ளி முடிந்தபின் உடலுழைப்பு மிகுந்த விளையாட்டுகளில் ஈடுபடுத்தப்பட்டனர். கவனச் சிதறலைக் கட்டுப்படுத்தும் ஆற்றலிலும், ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மனதை மாற்றும் ஆற்றலிலும் அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறினர்.

படிக்கத் தடுமாறும் குழந்தைக்கு இது ஏன் முக்கியம்? சரளமாக வாசிக்கும் குழந்தைக்கு எழுத்துகள் தாமாகவே சொற்களாகின்றன. தடுமாறும் குழந்தையோ ஒவ்வோர் எழுத்தையும் நினைவுகூர்ந்து, முந்தைய எழுத்தை மனதில் நிறுத்தி, இரண்டையும் கூட்டி ஒலிக்க வேண்டியிருக்கிறது. வரியின் முடிவுக்கு வருவதற்குள் தொடக்கம் மறந்துபோகிறது. மற்றவர்களைவிடக் கூடுதல் கவனமும் மன உழைப்பும் தேவைப்படுவது அந்தக் குழந்தைக்குத்தான். அந்தக் கவனத்தைப் புதுப்பிக்க உதவும் விளையாட்டை அதே குழந்தையிடமிருந்து பறிப்பது, களைத்தவனிடமிருந்து தண்ணீர்க் குவளையைப் பிடுங்குவதற்கு ஒப்பாகும்.

எனினும், ஓட்டம் கவனத்தைத்தான் தருகிறது. எழுத்தைக் கற்றுத் தருவதில்லை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உடல் எடை மிகுந்த 171 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், அன்றாட உடற்பயிற்சியால் திட்டமிடும் திறனும் கணிதத் தேர்ச்சியும் உயர்ந்தன. வாசிப்பில் மாற்றம் இல்லை. இந்த வேறுபாட்டை நினைவில் கொள்ள வேண்டும்.

எழும்பூரின் மணற்பரப்பு

இரண்டாம் வகை, அசைவையே பாடத்தின் பகுதியாக்குவது. இது வெளிநாட்டிலிருந்து நமக்கு வந்த புதுமை அன்று. இங்கிருந்து அங்கு சென்றது என்பதே வரலாறு.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், சென்னை எழும்பூரில் இயங்கிய ஆண் குழந்தைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்து பாதிரியார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் தரையில் பரப்பிய மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், தம் இல்லத்திலும் அதைப் புகுத்தினார். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். 1797இல் லண்டனில் அவர் அதைப் பற்றி நூல் வெளியிட்ட பின்னர், 'சென்னை முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. திண்ணைப் பள்ளிகளில் வாய் ஒலிக்க, விரல் எழுத, கண் பார்க்க, மூன்றும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன.

அந்த மணலெழுத்தின் பொருளை இன்றைய நரம்பியல் வேறு வழியில் உறுதிசெய்திருக்கிறது. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வில், வாசிக்கத் தொடங்காத ஐந்து வயதுக் குழந்தைகள் சில எழுத்துகளைக் கையால் எழுதியும், சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மீது இழுத்தும், சிலவற்றைக் கணினி விசையைத் தட்டியும் பழகினர். பின்னர் அவ்வெழுத்துகளைப் பார்த்தபோது, கையால் தாமாக எழுதிப் பழகியவற்றுக்கே மூளையில் வாசிப்புக்குரிய பகுதிகள் நன்கு செயல்பட்டன. கை சும்மா அசைந்ததால் வந்த பயன் அன்று இது. எழுத்தின் வடிவத்தைக் கையே உருவாக்கியதால் வந்தது.

கணிதத்திலும் இதே கதைதான். ஜெர்மனியில் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2011இல் வெளியான ஆய்வில், தரையில் விரித்த விரிப்பின் மீது இடமும் வலமும் அடியெடுத்து வைத்து எண்களை ஒப்பிட்டவர்கள், உட்கார்ந்த இடத்திலேயே பயின்றபோது கிடைத்ததைவிட எண்களின் அளவை எண்கோட்டில் நன்கு மதிப்பிட்டனர். நம் தெருக்களில் சிறுமியர் கட்டம் வரைந்து நொண்டியடிக்கும் பாண்டி ஆட்டத்துக்கும் அந்த விரிப்புக்கும் அதிகத் தொலைவில்லை.

நெதர்லாந்தில் நடந்த ஆய்வு இன்னும் விரிவானது. 12 பள்ளிகளைச் சேர்ந்த 499 குழந்தைகள் அதில் பங்கேற்றனர். அவர்களில் ஒரு பிரிவினருக்கு ஈராண்டுகள், வாரத்துக்கு மூன்று முறை, கணக்கும் மொழியும் உடலசைவோடு கற்பிக்கப்பட்டன. பெருக்கலின் விடையைக் குதித்துச் சொல்வது, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குதி குதித்துச் சொல்லைக் கூட்டுவது என்பன போன்ற பயிற்சிகள் அவை. 2016இல் வெளியான முடிவின்படி, கணக்கிலும் எழுத்துக்கூட்டலிலும் அந்தக் குழந்தைகள் ஏறத்தாழ நான்கு மாதக் கற்றல் அளவுக்கு முன்னே சென்றிருந்தனர். ஆனால், வாசிப்பில் வேறுபாடு இல்லை.

இங்கும் வாசிப்பு நகரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பெருக்கல் வாய்ப்பாடும் எழுத்துக்கூட்டலும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பதிய வைக்க வேண்டியவை. அந்தச் சலிப்பூட்டும் பயிற்சியை அசைவு இனிதாக்குகிறது. வாசிப்போ ஒலியையும் எழுத்தையும் பொருத்தும் நுட்பம். அதை ஒழுங்குபட, படிப்படியாகக் கற்பித்தே ஆக வேண்டும்.

மூளையைச் சீரமைக்கும் வாக்குறுதிகள்

மூன்றாம் வகைக்கு நீண்ட வரலாறு உண்டு. பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிந்த வரலாறு அது. குழந்தையை முறைப்படி தவழச் செய்து கைகால்களை இயக்கினால் மூளை வளர்ச்சி ஒழுங்குபடும் என்ற டோமன் – டெலகாட்டோ முறை, கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவிலிருந்து பரவியது. அதற்குச் சிறப்பான பயன் எதுவும் நிறுவப்படவில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1982இலும் 1999இலும் அறிவித்தது.

அடுத்து வந்தது, கலிபோர்னியாவைச் சேர்ந்த பால் டென்னிசன் உருவாக்கிய 'பிரெய்ன் ஜிம்'. வலக்கையால் இடமுழங்காலைத் தொடுவது, மார்பின் சில புள்ளிகளை அழுத்துவது போன்ற 26 பயிற்சிகள் கொண்டது அது. பிரிட்டனில் பல பள்ளிகள் அதை ஏற்றுக்கொண்ட நிலையில், அதன் மூளை குறித்த விளக்கங்களுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று அந்நாட்டு நரம்பியல் அறிஞர்களின் அமைப்புகள் 2008இல் பள்ளிகளை எச்சரித்தன.

'டோர்' திட்டத்தின் கதை பெற்றோருக்கு இன்னும் நெருக்கமானது. டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாட்டுக்குச் சிறுமூளையே காரணம் என்ற கருதுகோளின் அடிப்படையில், ஆடும் பலகையில் நின்று சமநிலை காப்பது, பந்தைப் பிடிப்பது போன்ற பயிற்சிகளை அது பெருந்தொகைக்கு அளித்தது. பயன் கிடைத்ததாக 2003இல் வெளியான ஆய்வுக் கட்டுரை, அது வடிவமைக்கப்பட்ட முறைக்காகக் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2006இல் அதன் தொடர்ச்சிக் கட்டுரையை வெளியிட்டதைக் கண்டித்து அந்த இதழின் ஆசிரியர் குழுவினர் சிலர் விலகினர். 2008இல் அந்த நிறுவனமே நொடித்தது; பணம் கட்டிய குடும்பங்கள் நடுவழியில் நின்றன.

நம் தோப்புக்கரணமும் இந்த வரிசையில் சேர்க்கப்பட்டுவிட்டது. பிலிப்பைன்ஸ் நாட்டின் சோவா கோக் சூயி 2005இல் அதை 'சூப்பர் பிரெய்ன் யோகா' என்று நூலாக்கினார். 2019இல் அரியானா பள்ளிக் கல்வி வாரியம் அதைச் சோதனை முறையில் ஒரு பள்ளியில் அறிமுகப்படுத்தியது. உட்கார்ந்து எழும் பயிற்சி என்ற அளவில் அது கால்களுக்கு வலுவூட்டும். மூச்சையும் சற்றுக் கூட்டும். காதுமடலைப் பிடிப்பதால் படிப்பாற்றல் பெருகும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

அப்படியானால், பயன் கண்டதாகக் கூறும் பெற்றோர் பொய் சொல்கிறார்களா? இல்லை. குழந்தை மிகவும் தடுமாறும் வேளையில்தான் பெற்றோர் பயிற்சி மையத்தை நாடுகின்றனர். அடிமட்டத்தைத் தொட்ட நிலை, எந்தப் பயிற்சியும் இல்லாமலேயே ஓரளவு மேலே வருவது இயல்பு. ஆறு மாதத்தில் வயதும் கூடுகிறது; பள்ளியும் கற்பிக்கிறது. தன்மீது அக்கறை காட்ட ஒரு பெரியவர் இருக்கிறார் என்ற உணர்வே குழந்தையை ஊக்குவிக்கிறது. இவை அனைத்தின் பலனும் பயிற்சியின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பயிற்சி பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடும் ஆய்வுதான் இதைப் பிரித்துக் காட்டும்.

காரணம் அறியாமல் தீர்வு இல்லை

குழந்தை பின்தங்குவதற்கான காரணங்கள் பல. கரும்பலகை தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம், காது மந்தமாக இருக்கலாம், இரத்தசோகை இருக்கலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம். கீழ் வகுப்பில் தவறிய ஒரு படி, மேல் வகுப்பில் சுவராக எழுந்து நிற்கலாம். உண்மையிலேயே கற்றல் குறைபாடும் இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. பள்ளிகளிலும் அரசு மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும் பரிசோதனைகளை முடிக்காமல் எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டுவது முறையன்று.

தமிழகம் இந்தத் திசையில் சில அடிகளை ஏற்கெனவே வைத்திருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், குழந்தைகளைப் பாயில் அமர்த்தி, அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையை இறக்கி, வகுப்பறைக்குள் எழுந்து நடமாட உரிமை தந்தது. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம், அண்ணனூர் அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான் தொடக்கம் கண்டது. பாடல், ஆடல், கதை, பொம்மலாட்டம் ஆகியவற்றோடு, குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிப்பது அதன் சிறப்பு. ஆடலால் மட்டும் பயன் வருவதில்லை. குழந்தை நிற்கும் படியை அறிந்து அங்கிருந்து கற்பிப்பதே அதன் உயிர்நாடி.

6 முதல் 9 வரையிலான வகுப்புகளில் பின்தங்கியோருக்காக அண்மையில் வந்துள்ள 'திறன்' திட்டத்திலும் இந்தப் பாடத்தை நினைவில் கொள்வது நல்லது. வளரிளம் பருவத்தினருக்குக் குழந்தைப் பாடல்கள் கூச்சத்தைத்தான் தரும். கயிறு தாண்டுதல், விறுவிறுப்பான நடை, குழு விளையாட்டு ஆகியவையே அவர்களுக்கு ஏற்றவை. பருவமெய்திய பின் மைதானத்தை விட்டு ஒதுங்கும் மாணவியர் மீது தனிக் கவனம் தேவை.

வகுப்பறையில் செய்யக்கூடியவை

இவற்றுக்குப் பெருஞ்செலவு எதுவும் தேவையில்லை. கடினமான பாடத்துக்கு முன் 15 அல்லது 20 நிமிட விறுவிறுப்பான ஆட்டம். வெயில் கடுமையான நம் ஊரில் காலை வேளையே அதற்கு உகந்தது. பிறகு பத்து நிமிடம் பாடத்தோடு பிணைந்த அசைவு. அதன்பின் அமர்ந்து, தன் நிலைக்கேற்ற பகுதியை ஒவ்வொரு குழந்தையும் வாய்விட்டு வாசிப்பது. இந்த மூன்றாம் பகுதி இல்லையேல் முதல் இரண்டும் வீண்.

பாடத்தோடு பிணைந்த அசைவுக்குத் தமிழிலேயே எடுத்துக்காட்டுகள் உண்டு. ல, ள, ழ என்ற மூன்று எழுத்துகளையும் வகுப்பறையின் மூன்று மூலைகளில் எழுதி வைக்கலாம். ஆசிரியர் வலி, வளி, வழி என்று ஒவ்வொன்றாகத் திருத்தமாகச் சொல்ல, குழந்தைகள் உரிய மூலைக்கு ஓடலாம். பேச்சில் இம்மூன்றையும் ஒன்றாகவே ஒலிக்கும் பகுதிகளில், காதால் வேறுபாட்டை உணர்ந்து காலால் விடை சொல்லும் பயிற்சி இது. தரையில் 0 முதல் 20 வரை கட்டமிட்டு, 13இல் நின்று நான்கு கட்டம் பின்னோக்கித் தாவினால் கழித்தல் கண்முன் விளங்கும். ஒரு சிறு சோதனை போதும்: அசைவை நீக்கிவிட்டால் பாடம் மறைகிறதா? மறைந்தால் அந்த அசைவு பாடத்தைச் சுமக்கிறது. இல்லையெனில் அது வெறும் உடற்பயிற்சி. அதற்குரிய மதிப்பு மட்டுமே அதற்கு உண்டு.

பயிற்சி மையத்தை நாடும் பெற்றோர் மூன்று கேள்விகளைக் கேட்கலாம். என் குழந்தையின் வாசிப்பை இப்போது அளந்து, மூன்று மாதத்துக்குப் பின் அதே முறையில் அளந்து காட்டுவீர்களா? இந்தப் பயிற்சியில் எழுத்தையும் எண்ணையும் நேரடியாகக் கற்பிக்கும் நேரம் எவ்வளவு? பள்ளி ஆசிரியரோடு பேசுவீர்களா? இவற்றுக்குத் தெளிவான விடை இல்லாத இடத்தில் கட்டும் பணத்தைவிட, வீட்டருகே ஒரு மணி நேர விளையாட்டும், இரவில் அரை மணி நேரம் அருகில் அமர்ந்து கேட்கும் வாசிப்பும் மேலானவை. 5 முதல் 17 வயது வரையிலானோருக்கு நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல்.

பள்ளிகளும் ஒன்றை உறுதிசெய்ய வேண்டும். வீட்டுப்பாடம் முடிக்காததற்காகத் தோப்புக்கரணமும், மதிப்பெண் குறைந்ததற்காக மைதானத்தைச் சுற்றி ஓட்டமும் தரும் வழக்கம் முற்றிலும் ஒழிய வேண்டும். உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டம், 2009 தடைசெய்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. தண்டனையாக ஓடப் பழகிய குழந்தைக்கு உடலே அவமானத்தின் அடையாளமாகிவிடும். பிறகு எந்த அசைவும் அதற்குக் கற்றலின் கதவைத் திறக்காது.

வீடுகள் நெருங்கிவரும் புறநகர்ப் பகுதிகளில் எஞ்சியிருக்கும் திறந்தவெளியைக் காப்பதும், உள்ளாட்சிப் பூங்காக்களைக் குழந்தைகள் ஓடியாடத் திறந்துவிடுவதும், பள்ளி மைதானங்களை மாலையில் அப்பகுதிக் குழந்தைகளுக்கு அனுமதிப்பதும் கல்வித் திட்டத்தின் பகுதியாகவே கருதப்பட வேண்டும். உடற்கல்விப் பாடவேளையை வேறு பாடத்துக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளியைப் பெற்றோரே கேள்வி கேட்க வேண்டும்.

வாசிக்கத் தடுமாறும் குழந்தைக்கு ஆடுகளமும் வேண்டும், அரிச்சுவடியும் வேண்டும். ஆடுகளத்தை மறுத்து அரிச்சுவடியைத் திணிப்பதும், அரிச்சுவடியை மறந்து ஆடுகளத்தில் அற்புதம் தேடுவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். முதலாவது, குழந்தையின் உடலை மறக்கிறது. இரண்டாவது, அக்குழந்தைக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய நம் கடமையை மறக்கிறது.